அண்ணன் செத்த அன்று மாடு கறந்தவன்

மெல்போர்னில் அகதிகளை விசாரிக்கும் அரசாங்க அலுவலகத்தில் குல்சும் மொழிபெயர்ப்பாளர். அங்கே ஒரு விதி: எதிரே இருப்பவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்ற பேச்சே கூடாது. பதினொரு வருடமாக யார் யாரோ பட்ட அடியையும் உதையையும் ‘நான்’ ‘நான்’ என்று வாங்கியிருக்கிறாள். சம்பளம் வந்தது, தூக்கம்தான் போயிற்று.

இன்று எதிரே நவ்ரூஸ் அலி. ஆப்கானிஸ்தானத்து ஜாகோரி மலைக்காரன், அவளும் அந்த மலையில் பிறந்தவள்தான். காஸ்னி சாலையில் தாலிபான்கள் அவன் அண்ணனை வண்டியிலிருந்து இறக்கிச் சுட்டார்கள். அடுத்தது நீதான் என்று இவனுக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள். நம்பினால் இங்கே அடைக்கலம். நம்பாவிட்டால் அதே சாலைக்குத் திருப்பி அனுப்புவார்கள். நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற மகராசி ஜூடித், கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, எப்போது அழுவான் என்று காத்திருந்தாள்.

“அடக்கம் முடிஞ்சதும் என்ன பண்ணீங்க?”

“மாடு கறந்தேன்.”

தட்டச்சு செய்த ஜூடித்தின் விரல்கள் நின்றன. “மாடா?”

“அண்ணனோட மாடுங்க. மடி கல்லா இறுகிப்போச்சு. மனுஷன் செத்தது மாட்டுக்குத் தெரியுமா? அண்ணன் புள்ளைங்க வேற காலையிலேர்ந்து பட்டினி.”

“உயிருக்குப் பயந்தவர் நிதானமா உட்கார்ந்து பால் கறந்தீங்களா?”

“நிதானமா உட்கார்ந்தாத்தானே அது பால் விடும்?”

ஜூடித்தின் உதடு கோணியது. பாலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தே பழகியவளுக்கு மடி கட்டுவது எங்கே தெரியும்? தெரியாதது குற்றமில்லை. தனக்குத் தெரியாததையெல்லாம் பொய் என்று எழுதுகிறாளே, சீ, அதைத்தான் குல்சுமால் சகிக்க முடியவில்லை.

பத்து நிமிடம் இடைவேளை. வெளியே நடையில் அவனுடைய விசா முகவர் ஹகீமி அவனைப் பிடித்துக்கொண்டான். டான்டெனாங் கடைத்தெருவில் உட்கார்ந்து ஆளுக்கேற்றபடி கதை தைத்துக் கொடுக்கிறவன்.

“எருமை! மாடு கறந்தேன்னு எவனாவது சொல்லுவானா? குழிய மூடின கையோட கதறிக்கிட்டு ஓடினேன்னு சொல்லு. போன வாரம் ஒருத்தன், அவனுக்கு அண்ணனே கிடையாது, அண்ணன் செத்தான்னு தரையில புரண்டான். விசா கிடைச்சிருச்சு! உன் உண்மைய வச்சு நாக்கு வழிக்கவா?”

நவ்ரூஸ் அலி பக்கத்தில் நின்ற குல்சுமைப் பார்த்தான். “தங்கச்சி, நீயா இருந்தா கறக்காம விட்டிருப்பியா?”

விண்ணப்பதாரரோடு தனியாகப் பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. ‘கறந்திருப்பேன் அண்ணே, சொன்னதையே சொல்லுங்க’ என்று நாக்கு நுனி வரை வந்தது. வேலை போய்விடுமே! விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹகீமியைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

உள்ளே போனதும் அவன் சொன்னான்: “மாடு கறக்கலைங்க. அழுதுக்கிட்டே ஓடிட்டேன்.”

சொல்லும்போதே உடைந்து அழுதான். பசித்த பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு செம்புப் பாலையும் இல்லை என்று சொல்ல வைத்துவிட்டார்களே என்ற அழுகை அது. ஜூடித் பரிவோடு பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பேசினாள். விதிப்படி குல்சும் அதைத் தன் வாயால் அவனிடம் சொன்னாள்:

“அப்ப ஒண்ணு சொன்னீங்க, இப்ப வேற சொல்றீங்க. நான் உங்களை நம்பல.”

அவன் ஜூடித்தைப் பார்க்கவில்லை. “உனக்குத் தெரியும்ல, தங்கச்சி?” என்றான்.

“என்ன சொல்றார்?” என்று ஜூடித் கேட்டாள்.

“எனக்குத் தெரியுமாம். ஆமா, தெரியும். எவன் செத்தாலும் மடி கட்டின மாட்டைக் கறந்துதான் ஆகணும். முதல்ல அவர் சொன்னதுதான் உண்மை.”

“இது அவர் சொல்றதா, நீங்க சொல்றதா?”

“நான்,” என்றாள் குல்சும்.

“மொழிபெயர்ப்பாளர் பேச்சைப் பதிவுல சேர்க்க மாட்டோம்,” என்று சொல்லிவிட்டு, ஜூடித் அவள் சொன்னதைத் தட்டியிருந்த கடைசி மூன்று வரிகளை அழித்தாள்.