ஒரு நாளைக்கு அறுபது சிலிண்டர்

காலை பத்து மணிக்கு கம்ப்ரசரின் சத்தம் மாறியது. வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. பதினோரு வருஷமாக அந்த எந்திரத்தோடு மாரடிக்கும் நெல்வா முராயாரிக்குக் கேட்டது. தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கினாற்போல் வால்வுக்குள் ஒரு கடகடப்பு. 

காட்டு நடுவே ஆற்றங்கரையில் இருக்கும் இக்கிடோஸ் நகரின் வெல்டிங் பட்டறைகளுக்காகக் கட்டிய ஆக்சிஜன் ஆலை அது. ஒரு நாளைக்கு அறுபது சிலிண்டர் நிரப்பும். தலைகீழாக நின்றாலும் அறுபத்தொன்று வராது. மூச்சுத் திணறும் நோய் பரவியபின் தினமும் வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். தலைநகர் லிமாவிலிருந்து ஊருக்குச் சாலை கிடையாது. படகில் வர வாரக்கணக்காகும்.

முதலாளி எவரிஸ்தோவிடம் ஓடினாள்.

"நிறுத்தணும் ஐயா. வால்வுத் தட்டு தேஞ்சிருக்கு. நாலு மணி நேரம் குடுங்க, சரிபண்ணிடறேன்."

"வெளிய எட்டிப் பாத்தியா நீ? நிறுத்திட்டோம்னு சொன்னா நம்மள கொட்டகையோட கொளுத்திடுவாங்க."

"தட்டு உடைஞ்சு உள்ள விழுந்தா பிஸ்டனே போயிடும். அப்புறம் நாலு மணி நேரமில்ல, நாலு வாரம்."

"நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு இதவிடக் கூட்டம் வருமே ஐயா."

அவர் அலுவலக அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நெல்வா சுவிட்சின்மேல் கைவைத்து நின்றாள். அவள் தங்கை அர்லெனி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய சிலிண்டர் மூன்று மணி வரைதான் வரும். அவளுக்கென்று ஒன்றைக் காலையிலேயே நிரப்பி, படுதாவுக்குப் பின்னால் நெல்வா மறைத்து வைத்திருந்தாள். அதை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். கடகடப்பு வேறு கூடிக்கொண்டே போனது. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை இறக்கினாள்.

சத்தம் அடங்கியதும் வெளியே பேச்சும் அடங்கியது. அடுத்த நொடி இரும்புக் கதவு அதிர ஆரம்பித்தது.

கதவருகே போனாள். 

"எந்திரம் பழுது. இப்ப நிறுத்தலேன்னா மொத்தமா செத்துப்போயிடும். நாலு மணி நேரம்..."

"எங்கம்மாவுக்கு நாப்பது நிமிஷம்தான்டி இருக்கு!" கம்பிகளுக்கிடையே ஒரு கை நீண்டு அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. பொத்தான் தெறித்தது.

"விடுய்யா அவள! அவள கொன்னுட்டு நீயா ஓட்டப் போற?" அதட்டியவள் எடெல்மீரா, பெலேன் சந்தை மீன்காரி. அவளும் கணவனுக்காகக் காலி சிலிண்டரோடுதான் நின்றிருந்தாள். "உள்ள ரொம்பினது எத்தன இருக்கு?"

"பதினாலு." படுதாவுக்குப் பின்னால் இருந்ததை நெல்வா கணக்கில் சேர்க்கவில்லை. "காலியோட சேத்துக் குழாய் போட்டா ரெண்டுலயும் பாதிப் பாதி நிக்கும். இருபத்தெட்டுப் பேருக்கு ஆகும்."

"கேட்டீங்களா? சாயங்காலம் வரைக்கும் தாங்கறவங்க பின்னால போங்க!"

ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு கிழவர் தம் சிலிண்டரை உருட்டிக்கொண்டு பின்னால் போனார். இன்னொருவர். எடெல்மீராவும் போனாள்.

"படகு மோட்டார் மெக்கானிக் நான்," என்று ஒருவன் முன்னால் வந்தான். பெயர் உலீசெஸ். "தட்டத் தேச்சு மட்டம் பண்ணத் தெரியும். என் பொஞ்சாதிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கதவத் திறங்க."

இருவருமாக வால்வைக் கழற்றினார்கள். தட்டின் விளிம்பில் மயிரிழையாக ஒரு பள்ளம். உலீசெஸ் ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் பெயர்த்து மேசையில் போட்டு, அதன்மேல் உலோகத்தைத் தேய்க்கும் அரைப்பசை தடவித் தேய்க்க ஆரம்பித்தான். பதினான்கும் பங்காகிப் போயின. அவன் மனைவிக்கு வரவில்லை. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தேய்த்தான். 

நெல்வாவால் தாங்க முடியவில்லை. படுதாவை விலக்கிச் சிலிண்டரை உருட்டி வந்தாள்.

"யாருக்கு இது?"

"என் தங்கச்சிக்கு. ஒளிச்சு வெச்சிருந்தேன்."

அவன் அவளை முறைத்தான். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தாள்.

"பாதி அவளுக்கு. பாதி எனக்கு. சீக்கிரம் ஊத்து," என்றான்.

இரண்டு பாதிகளும் ஒரே ஆட்டோவில் போயின.

நான்கு மணி நேரம் என்றது ஆறாயிற்று. அதற்குள் வரிசையில் மூன்று கைபேசிகள் அழைத்தன. மூன்று பேர் வரிசையை விட்டு விலகி நடந்து போனார்கள்; இனி அவர்களுக்குச் சிலிண்டர் வேண்டாம். நெல்வாவின் சட்டையைப் பிடித்தவனும் அவர்களில் ஒருவன். பாதி சிலிண்டரோடு அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா இறந்துவிட்டாளாம். அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணன் போன் செய்ததும் அடக்கத்துக்குக் கிளம்பினான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நாலேகாலுக்கு எந்திரம் ஓடியது. கடகடப்பு இல்லை. எவரிஸ்தோ தாழ்ப்பாளைத் திறந்து வந்து, ஒன்றும் நடக்காதவர்போல், "ஓடுதா?" என்றார். நெல்வா அடுத்த சிலிண்டரை எடுத்துக் குழாயில் மாட்டினாள்.

உலீசெஸின் மனைவி பிழைத்தாள். அர்லெனி இருபத்துமூன்று நாள் கழித்து, குச்சியாய் இளைத்து வீடு திரும்பினாள். எடெல்மீராவின் கணவனுக்கு அன்று இரவு சிலிண்டர் கிடைத்தது. அடுத்த வாரம் கிடைக்கவில்லை.

மறுநாள் வரிசையில் முந்நூற்று நாற்பது பேர். அறுபதாவதை நிரப்பி மூடிவிட்டு நெல்வா கதவுக்கு வந்தாள். அடுத்து நின்றவர் பள்ளி வாத்தியார்போல் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்.

"இன்னிக்கு முடிஞ்சுது ஐயா."

"நாளைக்கு நான்தான் முதல் ஆளா?"

"நீங்கதான்."

அவர் சிலிண்டரை மடியோடு அணைத்துக்கொண்டு கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.