என் கர்ப்பப்பைக்கு ஒரு குறையும் இல்லை

கலியாணமாகி இரண்டு வருடத்தில் என் வயிற்றை விசாரிக்காத ஆள் எங்கள் மாதா கோயிலில் இல்லை. வோபர்னில் நான் மீன் வாங்கும் கடையில்கூட, "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்றார்கள். வாய் சும்மா கிடந்தால் கேட்கத்தானே செய்யும். பிள்ளை வருவதற்கான காரியமே எங்களுக்குள் நடக்கவில்லை என்பது எனக்கும் என் புருசன் றொய்சனுக்கும் மட்டும்தான் தெரியும். தொடங்கியவுடனே கத்தியால் கீறுவது போல நோகும். நான் அழுவேன். அவன் கட்டில் நுனியில் போய் இருப்பான்.

றொய்சனின் அம்மா, என் மாமி, பொறுக்காமல் எங்களைப் பிள்ளை இல்லாதவர்களுக்கான கிளினிக்குக்கு அனுப்பினார். டொக்டர் தமிழ்ப் பெண். வாரத்தில் எத்தனை தரம் சேருகிறீர்கள் என்று கேட்டார்.

"ரெண்டு, மூண்டு தரம்," என்றான் றொய்சன், மேசையைப் பார்த்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பொய்யை நம்பிப் பிள்ளை வர ஊசி போடுவது எனக்கா இவனுக்கா?

"இல்லை டொக்டர். ஒருக்காலும் முழுசா நடக்கேல்லை. உயிர் போற மாதிரி நோகுது."

றொய்சன் முகம் செத்துப்போனது. டொக்டர் அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். வாசலில் நோகிறதா, உள்ளுக்கா? எரிகிறதா, வறண்டிருக்கிறதா? மாதவிடாயிலும் நோகுமா? யாராவது எப்போதாவது பலவந்தம் செய்தார்களா? பிறகு பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டு தரம் நிப்பாட்டச் சொன்னேன். இரண்டு தரமும் உடனே கையை எடுத்தார்.

"புண் இல்லை. கிருமிக்கும் டெஸ்ட் அனுப்புறன். ஆனா தொட முதலே தசை தானா இறுகுது, நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. இதைச் சுகப்படுத்தலாம். அந்தத் தசையைத் தளர்த்தப் பழக்கிற பிசியோதெரபி இருக்கு."

என்ர மாதாவே! இரண்டு வருடமாக நான் என்னைப் பழுதான பொம்பிளை என்றல்லவா நினைத்திருந்தேன்.

காரில் றொய்சன், "உமக்கு வெக்கமா இருக்குமெண்டுதான் பொய் சொன்னனான்," என்றான்.

"எனக்கு வெக்கமில்லை. நோவுதான் இருந்தது."

ரூஜ் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டு வாசலில் காரை நிப்பாட்டினான். பிறகு, "பிசியோவுக்கு நானும் வரலாமோ?" என்றான்.

வந்தான். மூச்சை விட்டுத் தசையைத் தளர்த்தப் பழகினேன். சுண்டுவிரல் பருமனில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று பருத்த வழவழப்பான குழாய்களை, கிறீம் பூசி, நானே உள்ளே வைத்துப் பழகினேன். பழகி முடியும்வரை புருசனோடு சேர வேண்டாம் என்றார் பிசியோக்காரி. மூன்று மாதத்தில் நான்காவது குழாய்க்கும் நோகவில்லை.

அந்த ஒக்டோபரில், வீடு வீடாகக் கொண்டுபோகும் மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஹோல் நிறையச் சனம். செபமாலை தொடங்க முதல் செபக்குழுத் தலைவி றெஜினா அன்ரி கண்ணை மூடினார்.

"நிரோஷினியின்ர அடைபட்ட கர்ப்பப்பையைத் தாயார் திறக்க வேணுமெண்டு மன்றாடுவம்."

"அன்ரி, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ," என்றேன். "என்ர கர்ப்பப்பைக்கு ஒரு குறையும் இல்லை. புருசனோட சேரேக்க நோகுது. அதுக்கு வைத்தியம் செய்யிறன், சுகம் வருது. மன்றாடுறதெண்டால் அதுக்கு மன்றாடுங்கோ."

மாமி தலையைக் குனிந்தார். றொய்சன் எழும்பி வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டான். றெஜினா அன்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிரோஷினியின்ர சுகத்துக்காக," என்று தொடங்கினார்.

போகும்போது சப்பாத்துப் போடுகிற இடத்தில் இரண்டு பேர் பிசியோக்காரியின் நம்பர் கேட்டார்கள். இரண்டு பேருக்குமே "தெரிஞ்ச ஒரு பிள்ளைக்காம்". ஆருக்கோ, குடுத்துவிட்டேன்.

மாமி மட்டும் சனத்தை வழியனுப்ப வரவில்லை. குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சபையில் மானத்தை வாங்கிவிட்டேன், இனி இவர் முகத்தில் எப்படி முழிப்பது? ஏச்சு வாங்கவே உள்ளே போனேன்.

மாமி தண்ணிப் பைப்பைப் பூட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ளை, அந்தப் பிசியோக்காரி அறுபத்தொரு வயசு ஆக்களையும் பார்ப்பாவோ?"