மூடியைத் திறக்காதவள்

கையெழுத்து கரைந்தது.

அவள் பதறிப்போய் கெட்டிலை அணைப்பதற்குள், உறையின் ஒட்டுவாய் மேல் குறுக்காகப் போட்டிருந்த கையெழுத்து நீலமாக ஒழுகி, நசுங்கிய பூச்சி போல் ஆகிவிட்டது.

மணி இரண்டு பத்து. ஆனர்ஸ் பிரிவு அலுவலகம் நான்கு மணிக்குச் சாத்தப்படும். விண்ணப்பங்களுக்கான கதவும் அதோடு சாத்தப்படும்.

"செத்தேன்" என்றாள்.

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த அறைத்தோழி தலையைத் தூக்கினாள். வாய் ஓயாததால் விடுதி அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

"என்னடி கொதிக்குது? ஐயோ! இது மேடம் கொடுத்த சிபாரிசுக் கடிதம் இல்ல? இதுக்கா ஆவி பிடிச்சே? ஜலதோஷமா அதுக்கு?"

"உள்ள என்ன எழுதியிருக்காங்கன்னு பார்க்கணும்னு..."

"பிரிச்சா செல்லாதுன்னு போர்டுல கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கான்!"

ஒட்டியிருந்தான்தான். ஆனர்ஸ் இறுதியாண்டு மாணவர்களில் ஒரே ஒருவருக்கு ஒரு வருட ஃபெலோஷிப். கடல் தாண்டி, ஓர் உப்பு ஏரிக்கரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில். ஆசிரியரின் கடிதம் ஒட்டிய உறையில், ஒட்டுவாய் மேல் கையெழுத்தோடு வர வேண்டும். கையெழுத்து கலைந்திருந்தால் விண்ணப்பம் குப்பைக்கூடைக்கு.

அந்த ஏரியை அவள் பார்த்ததில்லை. ஆனால் அதன் சேறு அவளிடம் இருந்தது. போன வருடம் நிலையத்திலிருந்து மேடத்துக்கு ஒரு வாளி சேறு வந்தது. நான்கு மாணவர்கள், நான்கு கண்ணாடி ஜாடிகள். சேறும் ஏரித் தண்ணீரும் ஊற்றி, மூடியை மெழுகால் அடைத்து, ஆய்வகத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறம் நிறமாக அடுக்கு கட்டும். முதலில் பச்சை, பிறகு துரு நிறம், எல்லாம் கூடி வந்தால் அடியில் ஊதா. நடுவில் திறந்து காற்று பட்டால் போச்சு. தினமும் நோட்டில் நாள், நிறம் எழுதி, கடைசியில் 'திறக்கவில்லை' என்று முடிப்பாள்.

விடுதியில் அவளுக்குச் சேத்துராணி என்று பட்டமே கட்டிவிட்டார்கள். அவளோ கண்ணை மூடினால் அந்த ஏரிக்கரையில்தான் நின்றாள். நிலையத்தின் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு படம். தண்ணீருக்குள் நீளும் மரப்பாலம், கரையில் நீலக் கதவு போட்ட கட்டடம். அந்தக் கதவின் கைப்பிடி பித்தளையா இரும்பா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். புள்ளி புள்ளியாக உடைந்துபோகுமே தவிர, தெரியாது.

"பிரிச்சது பிரிச்சாச்சு. என்னதான் எழுதியிருக்காங்க?" என்றாள் ரேடியோ.

மூன்று வருடமாக மேடம் அவளைப் பார்த்துச் சொன்னதெல்லாம் ஒரே ஓர் எழுத்து. "ம்." பரிசோதனை சரியாக வந்தாலும் "ம்", சொதப்பினாலும் "ம்". அந்த "ம்"முக்குள் என்ன இருக்கிறது என்ற ஏக்கம்தான் அவளைக் கெட்டில் வரை தள்ளியது.

கடிதம் சின்னது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

'இவள் கெட்டிக்காரி என்று எழுதப் போவதில்லை. கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மற்ற மூவரும் ஒரு மாதத்துக்குள் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டார்கள். இன்று இருநூற்றுப் பதினெட்டாவது நாள். பார்க்கத் துடித்துக்கொண்டே திறக்காமல் இருக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.'

கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

ரேடியோ கட்டிலிலிருந்து குதித்து இறங்கினாள். பிறகு செருப்பை மாட்டினாள். "கடையில புது உறை வாங்கிட்டு வரேன். மேடம் கையெழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு. நான் லீவு லெட்டர்ல போடாத கையெழுத்தா?"

போட்டாள். அச்சு அசல்.

மூன்று இருபதுக்கு அவள் அலுவலக வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரே ஒருவன். நிலவியல் துறைக்காரன். எந்நேரமும் சட்டைப் பையில் கல்லோடு திரிவதால் கூழாங்கல்.

"நீயும் போட்டிருக்கியா? போச்சு, என் பொழப்பு அம்பேல்" என்று சிரித்தான்.

சூப்பரின்டென்டன்ட் அவன் உறையை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, முத்திரை குத்தினார். குத்தியதும் அவளிடம் கை நீட்டினார். "கொடும்மா."

உறை அவள் விரலில் இருந்தது. ஓர் அடி தூரம். அந்த ஓரடியில் மரப்பாலம், நீலக் கதவு, ஏரி.

துடித்துக்கொண்டே திறக்காமல் இருக்கத் தெரிந்தவள்.

"சார், அஞ்சு நிமிஷம்!"

"நாலு மணிக்கு மேல கடவுளே வந்தாலும் வாங்க மாட்டேன்" என்ற குரல் முதுகில் மோத, ஆய்வகத்துக்கு ஓடினாள்.

மேடம் ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் புது உறையின் ஓரத்தைக் கிழித்துக் கடிதத்தை உருவி, அதையும் புது உறையையும், பையிலிருந்த கரைந்த உறையையும் மேசையில் வைத்தாள்.

"திறந்துட்டேன் மேடம்."

மேடம் மூன்றையும் பார்த்தார். புது உறையை எடுத்துத் திருப்பினார். "இது யார் போட்டது?"

அவள் வாய் திறக்கவில்லை.

"என்னோடதைவிட நல்லா இருக்கு." இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "எதுல திறந்தே?"

"கெட்டில் ஆவியில."

"ஏன்?"

"நீங்க என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு தெரியணும்போல இருந்துச்சு மேடம்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா 'ம்'னு சொல்வீங்க."

மேடத்தின் உதடு "ம்" என்று மூடப்போய், பாதியில் நின்றது.

சுவர்க்கடிகாரம் மூன்று முப்பத்தேழு. மேடம் மைப்பேனாவைத் திறந்தார். கடைசி வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

"இது இப்போ உண்மையில்ல. மத்ததெல்லாம் நடந்தது, அது இருக்கட்டும்." தன் இழுப்பறையிலிருந்து ஓர் உறை எடுத்து, ஒட்டி, குறுக்காகக் கையெழுத்திட்டு, ஊதிக் காயவைத்தார். "ஓடு."

மூன்று ஐம்பத்தாறுக்கு முத்திரை விழுந்தது.

மூன்று வாரம் கழித்துப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வு: கூழாங்கல். அடியில் 'காத்திருப்பு - 1' என்று அவள் எண். தேர்வானவன் சம்மதக் கையெழுத்துப் போடப் பதினைந்து நாள் அவகாசம்.

அந்தப் பதினைந்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்காமல் ஒருவன் போகாமல் இருக்க வேண்டும் என்று எப்படி ஆசைப்படுவது? அவன் தும்மினால்கூட நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. உடனே வெட்கமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் மதியம் கூழாங்கல்லே ஆய்வகத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"போட்டுட்டேன்" என்றான். "திட்டணும்னா திட்டிடு."

அவள் வாசலுக்கு வந்தாள். "அந்த நீலக் கதவு இருக்குல்ல..."

"ஆமா?"

"அதோட கைப்பிடி பித்தளையா இரும்பான்னு பார்த்துச் சொல்லு."

அவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டினான். "வரும்போது உனக்கு என்ன கொண்டு வரட்டும்?"

"சேறு."

"சேறா? ஊர் உலகத்துல பொண்ணுங்க சாக்லேட் கேக்கும்!"

"ஒரு ஜாடி. மரப்பாலத்துக்குக் கீழ இறங்கி, முழங்கால் தண்ணியில அள்ளு. நீயே மூடி மெழுகு வெச்சிடு."

அவன் போன பிறகு ஜன்னலுக்கு வந்தாள். வெயில் ஜாடியின் அடிவரை இறங்கியிருந்தது. துரு நிறம் முடிகிற இடத்தில், சேற்றை ஒட்டி, ஏதோ ஒன்று. நேற்று இருந்ததா? முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள். மூச்சுப் பட்டு மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

அவள் உள்ளங்கை தானாக மேலே போய் மூடியின் மேல் படிந்தது. மெழுகு வெயிலில் இளகி வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு திருகு திருகினால் போதும், அந்த ஏரியின் வாசனையாவது மூக்குக்கு எட்டும்.

உள்ளறையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "நோட்டு எழுதியாச்சா?"

"இதோ மேடம்."

கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பேனாவைத் தேடி எடுத்தாள்.

'நாள் 256. அடியில் ஊதா, ஒரு நூல் கனம். திறக்கவில்லை.'