ஃபெஸ்டாவின் விரலில் மாட்டிய கண்ணாடிக் கோல்

ரோமானியர் காலத்து அக்குயிலேயா நகரில் கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணாடியில் நூற்கோல் கொடுப்பார்கள். நீலமும் வெள்ளையும் முறுக்கிய கம்பி. ஒரு முனையில் விரல் நுழைய வளையம், மறுமுனையில் குருவி. அதில் எவளும் கம்பளி நூல் நூற்றதில்லை, எல்லாம் பெருமைக்குத்தான். ஊர்வலத்தில் தோழி ஏந்தி வந்தால் போதும். ஆனால் மணப்பெண் ஃபெஸ்டாவுக்குக் கை சும்மா இருக்குமா? காலையிலேயே இடக்கை விரலில் மாட்டிப் பார்த்தாள். மாட்டியது மாட்டியதுதான். ஒலிவ எண்ணெய் போட்டு இழுத்ததில் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

"இழுக்காதடி, உடைஞ்சிடும்!" அக்கா காசியா பதறினாள். "கல்யாணத்தன்னைக்குக் கண்ணாடி உடைஞ்சா உன் மாமியா சும்மா விடுவாளா? சகுனம் பாக்க விட்ட கோழி தீனி எடுக்கலைன்னு போன சம்பந்தத்தையே தட்டிவிட்டவ!"

ஃபெஸ்டாவுக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளை விபியுஸ் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

வலக்கை பிடிக்கும் சடங்கில் இடக்கையை முக்காட்டுக்குள் ஒளித்துத் தப்பித்தாள். ஊர்வலமும் ஒருவழியாக ஒப்பேறியது. மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் வந்தது வினை. புதுப்பெண் தன் கையாலேயே நிலைக்காலில் பன்றி நெய் பூச வேண்டும். முக்காடு விலகியது.

மாமியார் பார்பியாவின் கண்ணுக்கு எது தப்பும்?

"பாத்தீங்களா! வழிநெடுக நூற்கோலைக் கீழ வைக்கல என் மருமக! பொம்பளைன்னா இப்படில்ல இருக்கணும்!"

தெருவே கைதட்டியது. கம்பளியைக் கண்டாலே கொட்டாவி விடும் ஃபெஸ்டா, தலையைக் குனிந்து நெய்ச் சட்டியில் இரு கைகளையும் விட்டாள். இதற்குள் வீக்கம் வடிந்திருந்ததோ என்னவோ, கோல் வழுக்கிக்கொண்டு சட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை. அவளுக்கு உயிர் வந்தது.

வீட்டுக்குள் போனதும் பார்பியா அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். சிவந்து தடம் பதிந்திருந்தது.

"மாட்டிக்கிச்சா?"

"காலையிலேர்ந்து, அத்தை. எனக்கு நூற்கவும் தெரியாது." சொல்லிவிட்டு ஃபெஸ்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுல போய் யாராவது மாட்டிக்குவாங்களா? அசடு!" பார்பியா சட்டியிலிருந்து எடுத்து வந்த கோலை நன்றாகத் துடைத்துத் தன் விரலில் போட்டுக் காட்டினாள். கழற்றப் பார்த்தாள். முகம் மாறியது. மறுபடி இழுத்தாள்.

ஃபெஸ்டா ஓடிப்போய் நெய்ச் சட்டியை எடுத்து வந்தாள்.

"அத்தை, இது என்ன சகுனம்?"

பார்பியா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலை நீட்டினாள்.

"ரொம்ப நல்ல சகுனம். யாரும் வர்றதுக்குள்ள தடவுடி, கண்ணு!"