ஒன்பதாம் நம்பர் பூட்டு

அப்துல் வதூது காலையில் கிடங்கைத் திறந்ததும் முதல் வேலையாகப் பூட்டுகளை இழுத்துப் பார்ப்பார். கடலூர் முதுநகரில், உப்பனாற்றை ஒட்டி இருந்தது அந்தக் கிடங்கு. நீளமாக ஒரு தாழ்வாரம், அதன் ஓரத்தில் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் கட்டிலையும் பெட்டியையும் அங்கே வைத்துவிட்டுக் கப்பலேறுவார்கள். கடைக்காரர்கள் மூட்டைகளை அடுக்கி வைப்பார்கள். அறை வதூதுடையது, பூட்டும் சாவியும் சாமான் வைத்தவருடையது.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவருடைய வாப்பா யாரையும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதைத் தொடுவது தப்பு, துருவிக் கேட்பது அதைவிட மரியாதைக் கேடு என்பது அவர் கொள்கை. "வதூது பாய் கிடங்குன்னா கண்ண மூடிக்கிட்டு வைக்கலாம்" என்று ஊர் சொல்லும். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் தாம்தான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அது அரிசிக்குப் பஞ்சமான அறுபத்தைந்தாம் வருஷம். கிடங்கைப் பெருக்குகிற தில்லையம்மாள் அன்று துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"பாய், ஒம்பதாம் நம்பர் ரூமுகிட்ட ஒரே நாத்தம். கதவுக்கு அடியில தரையெல்லாம் ஈரமா இருக்குது. மூக்க அரிக்குது."

வதூது போய்ப் பார்த்தார். வாடை அவருக்கும் அடித்தது. அறையை எடுத்திருந்தவர் சிதம்பரத்துக் கடைக்காரர் மணவாளன். மூன்று மாதத்துக்கு முன்னால் வண்டியில் ஏதோ கொண்டுவந்து இறக்கி, பெரிய திண்டுக்கல் பூட்டாகப் போட்டுவிட்டுப் போனவர்.

"அவுரு சாமானு, அவுரு பூட்டு. நான் என்னான்னு கேக்கறது? ஒரு கார்டு போடறேன், வுடு."

கார்டும் போட்டார். மணவாளனின் நலம் விசாரித்தார், மழை பெய்ததா என்று கேட்டார், சமயம் கிடைத்தால் ஒருமுறை வந்து போகும்படி எழுதினார். நாற்றத்தைப் பற்றி எழுதினால் குற்றம் சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று அதை மட்டும் விட்டுவிட்டார். மணவாளன் வரவில்லை. அந்தக் கார்டைப் படித்துவிட்டு யார்தான் வருவார்கள்?

பக்கத்து எட்டாம் அறை ஓர் அரிசிக் கடைக்காரருடையது. மூட்டை ஏற்றி இறக்கும்போது தாழ்வாரத்தில் சிந்துகிற அரிசி பெருக்குகிறவளுக்கு என்பது அந்தக் கிடங்கின் வழக்கம். அதுவும் வாப்பா காலத்து வழக்கம்தான். அந்த வாரம் எட்டாம் அறையிலிருந்து மூட்டைகள் போயின. ஒன்பதாம் கதவு வரைக்கும் அரிசி இறைந்து கிடந்தது. தில்லையம்மாள் அதைக் கூட்டி அள்ளினாள். லேசாக வாடை வந்தது. ரேஷனில் கிடைக்காத அரிசியை வாடைக்காக யார் கொட்டுவார்கள்? நாலு தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டாள்.

கிருத்திகை அன்று அவள் ஒருபொழுது, பகலில் சாப்பிடமாட்டாள். புருஷனுக்கு மட்டும் அந்த அரிசியைப் பொங்கிப் போட்டாள். துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்த பக்கிரி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். ஒரு மணிக்கெல்லாம் கை கால் இழுத்துக்கொண்டது.

இரண்டு மணிக்குத் தில்லையம்மாளின் தம்பி கண்ணாயிரம் சைக்கிளில் கிடங்குக்கு வந்தான். அவனும் அங்கே சுமை தூக்குகிறவன்தான்.

"பாய், மாமாவுக்கு வலிப்பு வந்துடுச்சி. பெரியாஸ்பத்திரில சேத்திருக்கோம். வயித்தக் கழுவியும் நிக்கல. கள்ளச்சாராயம் குடிச்சானான்னு டாக்டர் கேக்கறாரு. அவுரு குடிக்கறவரு இல்லன்னு அக்கா அழுவுது. இந்தக் கெடங்கு அரிசிதான் தின்னாராம். ஒம்பதாம் நம்பர்ல என்னா மருந்து இருக்குதுன்னு தெரிஞ்சாதான் சரியான ஊசி போடமுடியுமாம்."

வதூது எழுந்துவிட்டார். "எனக்குத் தெரியாதே."

"கடப்பாறைய எடுங்க, ஒடச்சிடலாம்."

கடப்பாறை சுவரில்தான் சாய்ந்திருந்தது. வதூது அதையும் பார்த்தார், பூட்டையும் பார்த்தார். நாற்பது வருஷமாகக் கிடங்கில் ஒரு பூட்டை யாரும் உடைத்ததில்லை.

"அடுத்தவன் பூட்டுல நான் கை வைக்கமாட்டேன்டா. சிதம்பரம் போயி சாவியோடயே வந்துடறேன்."

"அது வரைக்கும் மாமா தாங்கணுமே பாய்!"

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். மணவாளனுக்கு டிரங்கால் போட்டால் எப்போது லைன் கிடைக்கும் என்று சொல்லமுடியாது என்றார்கள் தபாலாபீசில். ஓடிப்போய்ப் பஸ் ஏறினார். அவர் சோம்பேறியும் இல்லை, கல்நெஞ்சக்காரரும் இல்லை. வழியெல்லாம் பக்கிரிக்காக துவா கேட்டுக்கொண்டேதான் போனார். ஓடிய திசைதான் தப்பு.

மணவாளன் கடையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அதுவா? எண்ட்ரின் பாய். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து. அஞ்சாறு டின்னு துருப்பிடிச்சி ஓட்டையாயிடுச்சி. கடையில வச்சா வர்ற ஆளு மூக்கப் புடிக்கிறான். அதான் அங்க கொண்டாந்து போட்டேன்."

"அது விஷமாச்சே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே பாய்."

வதூது கையை நீட்டினார். சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி ஆறு. பக்கிரி ஐந்து மணிக்கே போய்விட்டான். வராந்தாவில் தில்லையம்மாள் தலைவிரி கோலமாகக் கிடந்தாள். டாக்டர், வதூதின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"பூட்ட ஒடைக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அஞ்சு நிமிஷம்" என்றார் வதூது. சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. 

போலீஸ் வந்தது, டின்களை எடுத்துப் போனது, மணவாளன் மேல் கேஸ் போட்டது. ஒன்பதாம் அறைத் தரையைக் கொத்தி எடுத்தார்கள். இனிமேல் சிந்துகிற அரிசியைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், யாரும் எடுக்கக் கூடாது என்று வதூது கட்டளையிட்டார். தில்லையம்மாளுக்கு மாதாமாதம் நல்ல அரிசி அளந்து கொடுக்க ஏற்பாடு செய்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் மறுபடியும் துடைப்பத்தை எடுத்தாள். வேறு எங்கே போவாள்?

'உள்ளே வைப்பது என்னவென்று திறந்து காட்டாதவர்களுக்கு இங்கே இடமில்லை' என்று ஒரு பலகையும் எழுதி வாங்கினார். ஆனால் அதை மாட்டக் கை வரவில்லை. பழகியவர்கள் என்ன நினைப்பார்களோ! சுவர்ப் பக்கம் எழுத்தைத் திருப்பி வைத்துவிட்டார். மூன்று வாரம் அது அப்படியே கிடந்தது.

அந்த நிலையில்தான் பரங்கிப்பேட்டையிலிருந்து அவருடைய அக்கா புருஷன் முஹம்மது இஸ்மாயில் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் ஒரு மரப்பெட்டியோடும் வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை பினாங்குக்குக் கப்பல். கண்ணாயிரம் பெட்டிகளை நாலாம் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"மச்சான்... அதுல என்னா இருக்குது?" என்று வதூது மெல்ல இழுத்தார்.

இஸ்மாயிலின் முகம் சட்டென்று மாறியது. "என்னா இது புதுசா இருக்குது? ஒங்க வாப்பா காலத்துல கேட்டதுண்டா? என்மேலேயே சந்தேகமா?"

"சேச்சே, சும்மாதான் கேட்டேன். வைங்க, வைங்க" என்று வதூது பின்வாங்கினார்.

தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த தில்லையம்மாள் நிமிர்ந்தாள். அத்தனை நாளும் அவரிடம் அவள் ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. கோபமாகவும் பேசவில்லை இப்போது.

"அன்னிக்கும் இப்பிடித்தான் பாய். பூட்டுக்குக் குடுத்த மரியாதைய மனுசனுக்குக் குடுத்திருந்தா, என் வூட்டுக்காரரு இன்னிக்கி உசுரோட இருந்திருப்பாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து பெருக்கத் தொடங்கினாள். இஸ்மாயில் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.  வதூது எழுந்துபோய் அந்தப் பலகையைத் திருப்பி, வாசல் ஆணியில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினார். பிறகு மச்சான் எதிரில் வந்து நின்றார்.

"பொட்டியத் தொறங்க மச்சான். கோவிச்சிக்கிட்டாலும் பரவால்ல. நீங்க குடுக்கற சாமானு மட்டும் அமானிதம் இல்ல. இங்க பெருக்கறவங்க, தூக்கறவங்க உசுரும் அமானிதம்தான். அதப் பாத்துக்கணும்னா கேட்டுத்தான் ஆவணும். கேக்காம இருக்கறது மரியாதை இல்ல மச்சான். ஒரு உசுரக் குடுத்துத்தான் அத நான் கத்துக்கிட்டேன், அதுவும் என் உசுரு இல்ல."