நாற்காலிக்கு விழுந்த பாடு

2024 பிப்ரவரி 9, தை அமாவாசை. தோணிரேவில் அன்று யாரும் ஏரிக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் கூடிய ஊர்க்கூட்டம், நாற்காலிக்கு வலை பின்னும் வேலையை இனிமேல் ஒரு நாற்காலிக்கு ஒரு வீடு எனப் பாடு முறையில் கொடுப்பது என்று முடிவு செய்தது.

பாடு என்பது மீன் பிடிப்பதற்கு ஏற்பட்ட முறை. ஏரியில் நல்ல மீன் விழுகிற இடங்கள் கொஞ்சம், வீடுகள் நிறைய. எந்த வீடு என்றைக்கு எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி வரிசை வைப்பார்கள். வரிசை வராதவன் கரையில் உட்கார்ந்து, வரிசை வந்தவனைக் குறை சொல்லலாம். வலையை மட்டும் நனைக்கக் கூடாது. இந்த முறையை நாற்காலி வரைக்கும் நீட்டுவார்கள் என்று சுபஸ்ரீ கனவிலும் நினைத்ததில்லை.

சுபஸ்ரீக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் அறைகலன் வடிவமைப்புப் படித்துவிட்டு, இரண்டு வருடம் முன்பு ஊருக்கே வந்து, சும்மா கிடந்த ஊர்ப் பொது ஐஸ் கிடங்கில் பட்டறை போட்டவள். பட்டறைக்குக் ‘கழிமுகம்’ என்று பெயர். காட்டூர்க்காரி சத்யா அதில் பாதிப் பங்கு. நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். டிராக்டர் டிரெய்லருக்கு வெல்டிங் வைத்துக் கை பழகியவள். சுபஸ்ரீ வரைவாள், சத்யா இரும்புக் கம்பியை வளைத்துச் சட்டம் செய்வாள், சுபஸ்ரீயின் அத்தை கஸ்தூரியம்மாள் அதில் நைலான் நூலைக் கட்டி இருக்கை பின்னுவாள். கஸ்தூரியம்மாள் கை இறுக்கமான கை. அவள் பின்னிய இருக்கையைத் தட்டினால் உடுக்கை போலச் சத்தம் வரும்.

அப்படி ஐந்து நாற்காலிகள் விற்றன. ஐந்தாவது விற்ற வாரம் கஸ்தூரியம்மாள் வீட்டுக்கு இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. வினை அந்த இரண்டாவது கதவில் இருந்தது.

“நூலு இன்னா நூலு? வலை நூலு,” என்றார் ஊர்த் தலைவர் தருமலிங்கம். “கிடங்கு யாருது? ஊருது. ஏரியில ஒரே வூடு தெனமும் வலை போட்டா சும்மா வுடுவோமா? இதுவும் அப்டித்தான்.”

“மாமா, மீன் தானா வருது. நாற்காலி அப்டி வராது. அதுக்குக் கைப்பக்குவம் வேணும்,” என்றாள் சுபஸ்ரீ.

“இந்த ஊர்ல வலை பின்னத் தெரியாத கை எதும்மா? காட்டு பாப்போம்.”

கூட்டம் சிரித்தது. சுபஸ்ரீ காட்டவில்லை.

அவளுக்கு அப்போது நேரமில்லாத நேரம். மாமல்லபுரம் சாலையில் கட்டி முடிகிற ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு நாற்பது நாற்காலி வேண்டும் என்று பிரவீன் என்கிற உள்அலங்கார வடிவமைப்பாளர் கேட்டிருந்தார். இன்ஸ்டாகிராமில் கஸ்தூரியம்மாளின் ஐந்தாவது நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கேட்டது. இருபதாம் தேதி நேரில் வந்து மாதிரியில் உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் நாற்பது. பிடிக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, மார்ச் முதல் தேதி அம்பத்தூரில் ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியில் அவள் சேர வேண்டும். வேலைக் கடிதம் போனில் இருந்தது. அதற்கு இன்னும் அவள் பதில் போடவில்லை. தினமும் இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

சீட்டுக் குலுக்கினார்கள். முனியன் பெயர் விழுந்தது.

கூட்டத்தில் “ஆங்” என்று ஒரு மரியாதை எழுந்தது. முனியன் மடவை மீன் வலைக்காரர், ஐம்பது வயது. அவர் கட்டிய வலையைப் பார்க்க ஆந்திரா பக்கத்திலிருந்துகூட ஆள் வந்ததுண்டு. அவர் வலைக்குள் போன மடவை யோசனையை மாற்றிக்கொண்டு திரும்பியதாகப் பேச்சில்லை.

“உனக்கு ராசிம்மா,” என்றார் தருமலிங்கம். “கெட்டியான ஆளு வந்துட்டாரு.”

அன்று சாயங்காலம் சுபஸ்ரீ அத்தையிடம் போனாள். “அத்த, அவரு பின்னட்டும். நீ ஒண்ணு தனியா உன் வூட்லயே பின்னிக் குடேன். யாருக்கும் சொல்ல வேணாம்.”

கஸ்தூரியம்மாள் ஃபிரிட்ஜின் மேல்கதவைத் திறந்து ஐஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். “பாடு தாண்டினா இன்னா ஆவும் தெரியுமா? உங்க மாமாவ ஆறு மாசம் ஏரியில எறங்க வுடமாட்டாங்க. அந்த மனுசன் ஆறு மாசம் வூட்லயே இருந்தா நான் எங்க போறது?”

முனியன் மறுநாள் காலையிலேயே கிடங்குக்கு வந்துவிட்டார். சத்யா செய்து கறுப்புப் பூச்சு அடித்து வைத்திருந்த சட்டத்தைச் சுற்றி மூன்று முறை நடந்தார். சுபஸ்ரீ வரைபடத்தை நீட்டினாள். உயரம், அகலம், சாய்வு எல்லாம் சென்டிமீட்டரில் இருந்தது. அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எத்தினி கிலோ தாங்கணும்?”

“நூறு கிலோ மாமா.”

“நூறு கிலோவா?” முனியனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “உயிரோடயா?”

“ஆமா மாமா. மனுசங்க உக்கார்றதுக்கு.”

“சரி, போம்மா. பாடு நடக்கறப்போ பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. பார்வை பட்டா வலை வெறும் வலைதான்.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். சத்யாவுக்குப் பொறுக்கவில்லை. “நம்ம பட்டறையில நாமளே உள்ள போக முடியாதா? எங்க ஊர்ல களத்துக்குக்கூட இப்டி கதவு போட மாட்டாங்க சுபா.”

“உங்க ஊர்ல நெல்லு ஓடாது. இங்க மீனு ஓடும்.”

“நாற்காலி ஓடுமா?”

பத்து நாள் சுபஸ்ரீ கிடங்கின் வெளியே நின்று, உள்ளே முனியன் ஊசியால் நூல் இழுக்கிற சத்தத்தைக் கேட்டாள். தாளம் தப்பாத சத்தம். வேலை தெரிந்த கையின் சத்தம்தான். அதைக் கேட்டு மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முனியன் கதவைத் திறந்தார்.

முதலில் முடிச்சைத்தான் பார்த்தாள் சுபஸ்ரீ. ஒவ்வொரு வலைக்கண்ணும் அளந்து வைத்தது போல ஒரே அளவு. கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்தவர்கள் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு இருக்கை எங்கே என்று தேடினாள். அது சட்டத்திலிருந்து தொங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே பை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சாய்வின் மேல் விளிம்பில் நான்கு மிதவைகள் கோத்திருந்தன.

சத்யா கையை நீட்டி இருக்கையை அழுத்தினாள். கை முழங்கை வரை போயிற்று.

“மாமா,” என்றாள் சுபஸ்ரீ மெதுவாக. “இது தொங்குதே.”

“தொங்கணும்.”

“இழுத்துக் கட்டலியா?”

முனியன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கவலை இருந்தது. “இழுத்துக் கட்டினா அது வலையாம்மா? சுவரு. மீனு வந்து முட்டிக்கினு திரும்பிப் போயிடும். மூணு பாக வலைய ரெண்டு பாகக் கயித்துல கட்டணும். அந்த ஒரு பாகத் தொய்வுலதான் பொழப்பே கீது. உங்க அத்த பின்னதப் பாத்தேன். தட்டுனா சத்தம் வருது. வெக்கமா இருந்துச்சி. சொல்லல.”

“மாமா, இதுல ஆள் உக்காந்து எழுந்துக்கணும்.”

“உக்கார்றதுக்குன்னுதான் சொன்னே. எழுந்துக்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

“அந்த மிதவை எதுக்கு?” என்று கேட்டாள் சத்யா.

“தல வெச்சிக்க.”

இறுக்கிக் கட்ட ஒரு மணி நேரமாவது வேண்டும். அதையும் முனியன்தான் கட்ட வேண்டும். பாடு முடிகிறவரை வேறு கை படக் கூடாது. முனியனோ, தன் கையால் சுவர் கட்ட மாட்டேன் என்று வாசல்படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். சுபஸ்ரீ கெஞ்சினாள். சத்யா அதட்டினாள். கெஞ்சலுக்கும் அதட்டலுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

பிரவீன் உயரமான மனிதர். சாம்பல் நிற லினன் சட்டை, அதில் மரப் பொத்தான்கள், கையில் பெரிய கடிகாரம். காலை நான்கு மணிக்கு எழுந்து மாமல்லபுரத்தில் வேலையைப் பார்த்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னார். அதற்கு முந்தைய இரவும் தூக்கமில்லையாம். ஓனருக்குத் தரை ஓட்டின் நிறம் பிடிக்கவில்லையாம்.

“சார், ஒரு நிமிஷம், மாதிரியில ஒரு சின்ன திருத்தம் இருக்கு,” என்று சுபஸ்ரீ ஆரம்பித்தாள்.

“உக்காருங்க சார்,” என்றார் முனியன்.

பிரவீன் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதை விட உள்ளே போனார் என்பதுதான் சரி. இடுப்பு தரைப்பக்கம் போயிற்று, முழங்கால் முகவாய்க்கு வந்தது. பதறிக் கையை ஊன்றினார். கை வலைக்கண்ணுக்குள் நுழைந்து கடிகாரம் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கத் திரும்பினார். முதுகையும் தோளையும் சுற்றி வந்த நூல் ஒவ்வொரு பொத்தானாகப் பிடித்துக்கொண்டது. அவர் எவ்வளவு அசைந்தாரோ அவ்வளவு நெருக்கமாக நாற்காலி அவரை ஏற்றுக்கொண்டது.

“இது என்ன மெக்கானிசம்?” என்றார் பிரவீன், உள்ளேயிருந்து.

சத்யா ஓடிப்போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். பொத்தான் ஒன்று தெறித்தது.

“இழுக்காத, இழுக்காத,” என்று முனியன் பீடியைப் போட்டுவிட்டு எழுந்தார். “வந்த வழியே இழுத்தா செவுளு கிழியும். முன்னாடி தள்ளித்தான் எடுக்கணும். சார், நீங்க துள்ளாதீங்க.”

“கத்தரி எடுத்துட்டு வரேன்,” என்றாள் சுபஸ்ரீ.

“என் வலையில கத்தரி பட்டுச்சி, நான் ஊர்க்கூட்டத்துக்குப் போவேன்.”

முனியன் மண்டியிட்டு, கட்டைவிரல் நகத்தால் முதல் பொத்தானை விடுவித்தார். பிறகு இரண்டாவது. அவசரமில்லாத வேலை. கஸ்தூரியம்மாள் ஒரு தம்ளரில் டீயும் பன்னும் கொண்டுவந்தாள். கை மாட்டியிருந்ததால் அவளே பிரவீனுக்கு ஊட்டினாள். “பாவம், இன்னா உயரம் புள்ள,” என்றவள், இருக்கையின் அடியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, முனியனுக்குக் கேட்கும்படி, “நான் பின்னியிருந்தா இந்நேரம் எழுந்து காருக்குப் போயிருப்பாரு,” என்றாள்.

“அதத்தான் நானும் சொல்றேன். போயிருப்பாரு,” என்றார் முனியன்.

பிரவீன் டீயைக் குடித்துவிட்டு, “மிஸ் சுபஸ்ரீ, வெளிப்படையா சொல்லிடறேன். டைனிங்க்கு இது...” என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தலை மெல்லச் சாய்ந்து மிதவைகளின் மேல் படிந்தது. வாய் லேசாகத் திறந்தது.

முனியன் விரலை எடுத்தார். கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, “அடங்கிடுச்சி,” என்றார்.

நான்கு பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். ஏரிக்காற்று வந்து நாற்காலியை ஆட்டியது. பிரவீன் அதோடு ஆடினார். எழுப்பலாமா என்று சத்யா கண்ணால் கேட்டாள். சுபஸ்ரீ வேண்டாம் என்று தலையசைத்தாள். எழுந்தால் அந்த வாக்கியத்தை முடிப்பார். முடிக்காத வரைக்கும் பட்டறை இருந்தது. அவள் போனைத் திறந்து அம்பத்தூர்க் கடிதத்தைப் படித்தாள். ‘மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்’ என்று இருந்தது. பத்தரைக்கு, பதில் எழுதும் பெட்டியில் ‘வணக்கம்’ என்று அடித்தாள். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரவீன் கண் விழித்தார். அதற்குள் முனியன் எல்லாப் பொத்தான்களையும் கடிகாரத்தையும் விடுவித்திருந்தார். அவரை முன்பக்கமாகத் தள்ளி, தோளைப் பிடித்து நிமிர்த்தி நிற்க வைத்தார். பிரவீன் முதுகை வளைத்துப் பார்த்தார். கன்னத்தில் மிதவையின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

“எவ்வளவு நேரம் தூங்கினேன்?”

“ரெண்டரை மணி நேரம் சார்,” என்றாள் சத்யா.

பிரவீன் நாற்காலியைச் சுற்றி வந்தார், முனியன் முதல் நாள் வந்தது போலவே. டேப் எடுத்துத் தொய்வை அளந்தார். “டைனிங்க்கு இது வராது. சாப்பிட உட்கார்ந்தவங்க எழுந்து பில் கட்டணும். அந்த நாற்பதை நான் வேற இடத்துல பாத்துக்கறேன்.”

சுபஸ்ரீ தலையாட்டினாள். ‘வணக்கம்’ இன்னும் திரையில் இருந்தது.

“பின்னாடி தோட்டத்துல கடலைப் பாத்த மாதிரி ஒரு இடம் இருக்கு. அங்க ஆறு போடலாம். ஆனா எழுந்துக்கறதுக்குப் பிடிச்சுக்க ஒரு கம்பி வைக்கணும். பொத்தான் மாட்டாத அளவுக்குக் கண் இருக்கணும். ஆறும் அச்சு அசல் இதே மாதிரி இருக்கணும்.”

“கம்பி நான் வெக்கறேன் சார்,” என்றாள் சத்யா.

“கண்ணைப் பெருசு பண்ணலாம்,” என்றார் முனியன் பெருந்தன்மையாக. “ஆனா அத நான் பண்ண முடியாது. என் பாடு முடிஞ்சிச்சி.”

“அப்படின்னா?” என்றார் பிரவீன்.

சுபஸ்ரீ விளக்கினாள். பிரவீன் பொறுமையாகக் கேட்டார். தூங்கி எழுந்த மனிதர் என்பதால் பொறுமை இருந்தது. கடைசியில், “அச்சு அசல் வேண்டாம். ஆறும் ஆறு விதமா இருக்கட்டும். ஓனர்கிட்ட அதை நான் வேற மாதிரி சொல்லிக்கறேன்,” என்றார். அவர் காரில் ஏறும்போது, கீழே விழுந்த பொத்தானை முனியன் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“அடுத்த முறை வந்தா பொத்தான் இல்லாத சட்ட போட்டுக்கினு வாங்க சார்.”

மார்ச் முதல் தேதி அம்பத்தூர் வேலையில் வேறு ஒருவர் சேர்ந்தார். மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் இரண்டாவது நாற்காலிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். தனக்கோடி பெயர் விழுந்தது. அவர் நண்டு வலைக்காரர்.