அம்மாவின் அறையில் ஒன்பது பாய்கள்

லிதுவினா டீச்சர் அரைக் கிலோ ஈரல் கேட்டார். நான் கழுவி வெட்டிக்கொண்டிருந்தபோது என் தோளைத் தொட்டார். பதினெட்டு வருடமாக எங்கள் கடையில் இறைச்சி வாங்குகிறவர், ஒரு நாளும் என்னைத் தொட்டதில்லை. கையில் கத்தி வைத்திருப்பவளை யாரும் தொடமாட்டார்கள்.

"உன்மேல யாருக்கும் கோபம் இல்ல பிளாசிதா. சுனில்தா எல்லாத்தயும் சொல்லிட்டா. சாவைப் பக்கத்துல இருந்து பாக்க எல்லாராலயும் முடியாது. அது ஒண்ணும் பாவம் இல்ல," என்றார்.

என் தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டேன். டீச்சர் முதலில் தயங்கினார், பிறகு தயங்கவே இல்லை. அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தபோது சுனில்தாதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாளாம். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாளாம். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போது வலி தெரியாமல் இருக்கக் கதை சொல்வாளாம். கடைசி மூச்சு அவள் கைக்குள்தான் அடங்கியதாம். அந்த நேரத்தில் கீழே அக்கா எலும்பு அறுத்துக்கொண்டிருந்தாளாம், ரம்பத்தை நிறுத்திவிட்டு மேலே வரத் தைரியம் இல்லாமல். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே தான் ஒரு மௌனத்தைக் கண்டுபிடித்ததாகவும், அதுதான் தன்னுடைய முதல் தியானம் என்றும் மாடியில் நடத்தும் தியான வகுப்பில் சொல்கிறாளாம். கேட்டு எல்லோரும் அழுவார்களாம்.

ஈரலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். டீச்சர் போன பிறகு அடுத்த ஆள் என்ன கேட்டார் என்பது இரண்டு முறை சொல்லியும் என் காதில் விழவில்லை.

நடந்தது வேறு. எங்கள் வீடு பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில், ஆற்றுக்கு இறங்கும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. கீழே அப்பா விட்டுப்போன இறைச்சிக் கடை, மேலே இரண்டு அறைகள், தெருவிலிருந்து நேராக மாடிக்கு ஒரு படி. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது சுனில்தா எல்லை தாண்டி, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான். மூன்று வருடம் அம்மாவைப் புரட்டிப் போட்டதும் துடைத்ததும் ஊட்டியதும் நான். அம்மாவுக்குப் பேச்சில் முக்கால்வாசி போய்விட்டது. மிஞ்சியது எங்கள் குவாரனி மொழியில் நாலு வசவு, பிறகு ஒரு கேள்வி. "சுனி வந்துட்டாளா?" காலையில் நான் கதவைத் திறந்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள். அவளுடைய பீ மூத்திரத்தை அள்ளும்போதுகூட அவள் கண் கதவில்தான் இருக்கும்.

அவள் செத்தது ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. மறுநாள் சுடுவதற்கு விலா வாங்க வந்த கூட்டம் தெருவரைக்கும் நின்றது. ஏதாவது வேண்டும் என்றால் அம்மா கைத்தடியால் தரையில் தட்டுவாள், எனக்குக் கூரையில் கேட்கும். ரம்பம் ஓடினால் கேட்காது. நான் மேலே போனபோது கைத்தடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. தட்டினாளா, தட்டாமலே போனாளா என்று எனக்குத் தெரியாது. இதை உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அன்று சாயங்காலமே, தொலைபேசியில், சுனில்தாவிடம்.

ஒன்பது நாள் ஜெபத்தின் கடைசி நாளில் அவள் வந்து இறங்கினாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தண்ணீருக்குள் நடப்பதுபோல ஒரு நடை. குரல்கூட மாறியிருந்தது. தியானம் கற்றிருக்கிறாளாம். மனிதர்களைக் கண்ணை மூடவைத்து, மனதுக்குள் காட்சி காட்டி, உள்ளே அடைத்துக்கிடப்பதைத் திறந்துவிடத் தெரியுமாம். சான்றிதழைச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தாள். பத்திரத்தில் வீடு இருவர் பேரிலும் இருந்தது. அம்மாவின் அறையை எடுத்துக்கொண்டாள். கட்டில் கோவிலுக்குப் போனது. ஜன்னலில் வெள்ளைத் திரை வந்தது, தரையில் ஒன்பது பாய்கள் வந்தன. செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பல் டாக்டரின் மனைவி, வங்கியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், விவாகரத்துக்குப் பிறகு தூக்கம் போன ஒரு மருந்துக்கடைக்காரர், லிதுவினா டீச்சர். படியின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, என் கடைப் பக்கம் திரும்பாமல் ஏறிப்போவார்கள்.

ஐந்திலிருந்து ஆறுவரை ரம்பத்தை நிறுத்த முடியுமா என்று ஒருமுறை கீழே வந்து கேட்டாள். மாட்டு எலும்புக்கு உன் நேரம் காலம் தெரியாதே என்றேன். அவள் சிரித்தாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் இரண்டு போட்டிருப்பேன். அந்தச் சிரிப்பை என்ன செய்வது?

டீச்சர் ஈரல் வாங்கிய அந்த வாரமே, வியாழக்கிழமை ஐந்து மணிக்கு, கடையைச் சாத்திவிட்டு மேலே போனேன். ஏப்ரனைக் கழற்றவில்லை. கதவருகே இருந்த பாயில் உட்கார்ந்தேன். பல் டாக்டரின் மனைவி தன் கால்களை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள். சுனில்தா என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் என்னைப் போகச் சொல்ல அவளால் முடியாது, அது எனக்குத் தெரியும். எல்லோரும் படுங்கள் என்றாள். படுத்தோம். அம்மாவின் கட்டில் கிடந்த இடம்தான் அது. கூரையில் நீர் கசிந்த கறை அப்படியே இருந்தது.

பத்துப் படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாக இறங்குங்கள் என்றாள். நான் இறங்கமாட்டேன் என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். அவள் சொல்லச் சொல்ல, மாட்டை மனதுக்குள் கழுத்திலிருந்து வெட்டத் தொடங்கினேன். கழுத்து, தோள், நெஞ்சு, விலா. எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை. அவள் எட்டு என்றபோது என் கால் எட்டாவது படியில் இருந்தது. ஒரு கதவு வரும், பின்னால் உங்களுக்கு வேண்டியவர் இருப்பார், திறங்கள் என்றாள். திறந்தேன். இதே அறைதான். கட்டில் இருந்தது, மூத்திர வாடை இருந்தது, அம்மா இருந்தாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து அவள் பார்வைக்கு நேராக நின்றேன். கண்ணை விலக்கி மறுபடியும் கதவைப் பார்த்தாள். நான்தான் அம்மா என்றேன். சுனி வந்துட்டாளா என்றாள்.

கண்ணைத் திறந்தபோது இரண்டு காதிலும் கண்ணீர் நிறைந்திருந்தது. அம்மா செத்தபோது அழாத நான், இவள் குரலுக்கு அழுதிருக்கிறேன். அந்த நிமிடம் அவளை வெறுத்த அளவுக்கு என் வாழ்க்கையில் நான் யாரையும் வெறுத்ததில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கண்டதைச் சொல்ல வேண்டுமாம். சுனில்தா என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போகப் பார்த்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அம்மா செத்தப்ப இந்த அறையில யாரும் இல்ல. நான் கீழ இருந்தேன். இவ இந்த நாட்டுலயே இல்ல. மூணு வருஷத்துல ஒரு தடவ கூட இவ வரல," என்றேன்.

சுனில்தா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "சொன்னதுக்கு நன்றி பிளாசிதா. உன் கோபத்துக்கும் இங்க இடம் இருக்கு," என்றாள். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. டீச்சர் நகர்ந்து வந்து என் முழங்காலில் கை வைத்தார். மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. நான் சொன்ன உண்மையை அவர்கள் என் நோயாக எடுத்துக்கொண்டார்கள். இவளுடைய பொறுமைக்கு நானே சாட்சியாகிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு அவள் பாய்களைச் சுருட்டினாள். நான் போகவில்லை. அம்மாவுக்கு எலுமிச்சை ஆகவே ஆகாது, வாயில் பட்டாலே துப்பிவிடுவாள், அந்த எலுமிச்சைத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

கையிலிருந்த பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தாள். பேசியபோது வந்தது அவளுடைய பழைய குரல், எங்கள் தெருக் குரல். புவெனஸ் அயர்ஸில் அவள் பார்த்த வேலை ஒரு நீதிபதியின் விதவையைப் பார்த்துக்கொள்வது. பெயர் எல்விரா. ஆறாவது மாடி. அந்தம்மாவும் படுக்கைதான், மூன்று வருடம்தான். பஞ்சு, புண், கதை, கைக்குள் அடங்கிய மூச்சு, எல்லாம் அந்தம்மாவுடையது.

"அவங்களப் பொரட்டறப்பல்லாம் கண்ண மூடிக்குவேன். அம்மான்னு நெனச்சுக்குவேன். இந்த ரூமு, இந்த ஜன்னல், அந்தக் கறை, எல்லாத்தயும் கொண்டாந்து வப்பேன். அப்படித்தான் இதக் கத்துக்கிட்டேன், எந்த ஆசிரியர்கிட்டயும் இல்ல. இப்ப எனக்கு ஞாபகம் இருக்கறது அதுதான்க்கா. நான் இங்கதான் இருந்தேன்."

அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வருடம் ராத்திரி பகலாக நான் நின்ற இடத்தில் இவள் கண்ணை மூடிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள், என்னைத் தள்ளிவிட்டு.

"அப்ப அந்தக் கிழவி கதையச் சொல்லு. அம்மாவ விட்டுரு," என்றேன்.

"சம்பளத்துக்குப் பாத்துக்கிட்டவ கதைய எவ கேப்பா?"

"நீ இங்க இல்ல சுனி."

"நீ இருந்தியே. இருந்து என்ன பண்ணின? ஒரு நிமிஷம் அந்த ரம்பத்த நிறுத்தியிருக்கலாம்ல?"

சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. நான் படியிறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்கு ரம்பத்தைப் போட ஆரம்பித்தேன். அறுக்க ஒன்றும் இல்லாத நாளில் உறைந்த தொடை எலும்பை அறுத்தேன். மாதம் ஒன்று போதும் என்றிருந்த பிளேடு, மாதம் மூன்று தேய்ந்தது. வங்கிப் பெண்கள் நின்றுவிட்டார்கள், பதிலுக்கு வேறு நான்கு பேர் வந்தார்கள். இவ்வளவு சத்தத்தில் மனதை அடக்கப் பழகினால் வேறு எங்கேயும் அடக்கலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். டீச்சர் இறைச்சி வாங்குவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் மட்டும், கேட்காமலே, சுனில்தா இப்போது அம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை, ஒரு ஆற்றைத்தான் பார்க்கச் சொல்கிறாள் என்றார். எனக்கென்ன என்றேன். குளிர் அறையில் தனியாக இருக்கும்போது, தொங்கும் மாடுகளுக்கு நடுவில் நின்று, நானும் சில சமயம் கண்ணை மூடிப் பத்துப் படி இறங்கிப் பார்க்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. போனால் அம்மா இருக்கிறாள். இன்னும் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

நவம்பரில் ஒரு வியாழன். காலையிலிருந்தே காற்று இல்லை. ஐஸ் போட்டுக் குடிக்கும் தெரெரே மூலிகை நீர்கூடத் தொண்டையில் இறங்குவதற்குள் சூடாகிவிடுகிற புழுக்கம். ஐந்து இருபதுக்கு வானம் கறுத்தது, ஒரு இடியோடு மின்சாரம் போனது. எலும்பின் பாதியில் ரம்பம் நின்றது. பிறகு மழை. எங்கள் தெருவில் மழை பெய்தால் பத்து நிமிடத்தில் தெரு இருக்காது. மேட்டுத் தெருக்களின் தண்ணீர் எல்லாம் எங்கள் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். கார்களையே இழுத்துக்கொண்டு போன வருடங்கள் உண்டு. வாசலில் பலகையை இறக்கி, கீழ்த்தட்டு இறைச்சியை மேலே ஏற்றிவிட்டு, ஒரு பெட்டிமேல் ஏறி நின்றேன். குப்பைத் தொட்டி ஒன்று போனது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போனது.

மழை கொஞ்சம் குறைந்த ஒரு நிமிடத்தில் மேலிருந்து அவள் குரல் கேட்டது. ரம்பம் இல்லாமல் அதைக் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "ஆத்துல விட்டுருங்க. போகட்டும். பின்னாடி போகாதீங்க," என்றாள்.

அப்போதுதான் படிக்குக் கீழே இருந்த செருப்புகள் கிளம்பின. முதலில் பல் டாக்டரின் மனைவியுடையது, பொன்நிற வார் வைத்தது. பிறகு மருந்துக்கடைக்காரரின் தோல் செருப்பு, ஒன்றன்பின் ஒன்றாக. டீச்சரின் கறுப்புச் செருப்பு கவிழ்ந்து, நிமிர்ந்து, கடை வாசலை ஒட்டிப் போனது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருந்தால் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். நான் கொடுக்கவில்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மேலே படுத்திருக்க, கீழே அவர்கள் செருப்பு நிஜமாகவே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தேன்.

கடைசியாக ஒரு பழுப்பு ஜோடி வந்தது. இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. பெரிய பக்கவாதம் வருவதற்கு முன்பே அம்மா இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். கட்டிலோடு கோவிலுக்குப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஆட்களை வரவேற்கக் கீழே வரும் சுனில்தா, தன்னுடையதையும் அங்கேயே கழற்றிவிட்டுத்தான் ஏறுவாள். இத்தனை மாதமும் அம்மாவின் செருப்பில்தான் நடந்திருக்கிறாள். நான் அவள் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பலகையைத் தாண்டி இறங்கினேன். தண்ணீர் தொடைவரை வந்து காலைப் பிடுங்கியது. இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை எட்டியவரை நீட்டினேன். ஒன்று கையில் சிக்கியது. மற்றது என் விரலில் பட்டு நழுவிப் போனது. மேலே கதவு திறக்கும் சத்தமும் யாரோ வெறுங்காலோடு படியிறங்கும் சத்தமும் கேட்டன. நான் திரும்பவில்லை. தெரு வளைகிற இடத்தில், நின்றிருந்த லாரியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த ஒற்றைச் செருப்பு கவிழாமல், ஆள் ஒருத்தி அதில் ஏறி நிற்பதுபோல நிமிர்ந்தபடியே, ஆற்றுப் பக்கம் திரும்பியது.